554க்கு 276: பாஸ்டனில் நடந்த ஹை-ரெஸ் ஒலிச் சோதனை, ஒரு நிகழ்வு ஆய்வு

சிடியில் அடங்கும் ஒலி போதுமா, அதற்கு மேலே காதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்ற வாக்குவாதம் பழையது. 1999ல் சோனியும் பிலிப்ஸும் எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) என்ற புதுத் தட்டைக் கொண்டுவந்தபோது அது சூடு பிடித்தது. சிடி நொடிக்கு 44,100 மாதிரிகளை, மாதிரிக்கு 16 பிட் வீதம் எடுத்துக்கொள்கிறது. எஸ்ஏசிடி நொடிக்கு 28 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை ஒரே ஒரு பிட்டை எழுதுகிறது. அடுத்து வந்த டிவிடி-ஆடியோ, ஸ்டீரியோவில் 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வரை போனது. சிடியைவிட நுணுக்கமான இந்த வகைகளைத்தான் ஹை-ரெஸ் என்கிறார்கள். கணக்குப்படி சிடிக்கு 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. அமைதிக்கும் உச்சத்துக்கும் நடுவே, டிதர் (பிட் குறைப்பதால் வரும் திரிபை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) சேர்த்த பிறகும், ஏறக்குறைய 93 டெசிபெல் இடைவெளி கிடைக்கும். கணக்கு போதும் என்றது. காதுள்ளவர்கள் பலர் போதாது என்றார்கள். திரை விலகியது போல, காற்றோட்டம் வந்தது போல என்றெல்லாம் வர்ணனைகள் வந்தன.

பாஸ்டன் ஆடியோ சொசைட்டியைச் சேர்ந்த பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் இந்த வர்ணனைகளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டுக்கும் மேல் நடந்த அந்தச் சோதனையின் அறிக்கை, ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் 2007 செப்டம்பரில் வெளியானது. ஐந்தே பக்கம்தான். இந்தத் துறையில் இதைப் போல மேற்கோள் காட்டப்பட்டதும் திட்டு வாங்கியதும் குறைவு. இரண்டு தரப்புமே அதைப் பாதிதான் வாசித்தன என்பது நம் கருத்து.

இணைப்பு எப்படி இருந்தது

இந்த வாதத்தில் வழக்கமாக நடக்கும் தவறு, எஸ்ஏசிடியையும் அதே ஆல்பத்தின் சிடியையும் அடுத்தடுத்துக் கேட்பது. இரண்டும் ஒரே மாஸ்டரிலிருந்து (வெளியீட்டுக்கு இறுதியாகச் செப்பனிட்ட பதிவிலிருந்து) வந்தவை என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரே தட்டில் இரண்டு அடுக்கு இருந்தாலும் நிலைமை அதுதான். சிடி அடுக்கை சத்தம் கூட்டி, ஏற்ற இறக்கத்தை அமுக்கி (கம்ப்ரஸ் செய்து) மாஸ்டர் செய்திருக்கலாம். அப்படி இருந்தால் கேட்பவர் ஒப்பிடுவது இரண்டு மாஸ்டரிங் இன்ஜினியர்களை, இரண்டு ஃபார்மட்டுகளை அல்ல.

மேயரும் மோரனும் இதைச் சுற்றிப் போன விதம் எளிமையானது. ஒரு எஸ்ஏசிடி அல்லது டிவிடி-ஆடியோ பிளேயர், அதன் அனலாக் அவுட்புட். அந்த சிக்னலை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கிளை நேராகப் போகிறது. மற்றொரு கிளை எச்எச்பி சிடிஆர்-850 என்ற ஸ்டுடியோ சிடி ரெக்கார்டருக்குள் நுழைந்து, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் டிஜிட்டலாக மாறி, உடனே திரும்பவும் அனலாக்காகி வெளியே வருகிறது. தட்டு ஒன்று, கணமும் ஒன்று. இடையில் சிடியின் குறுகிய வாசல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் ஒரே வித்தியாசம். இரண்டு கிளைகளின் அளவையும் 0.1 டெசிபெலுக்குள் சமப்படுத்தினார்கள்.

இந்த ஏற்பாட்டில் சிடிக்கு எந்தச் சலுகையும் இல்லை. நல்ல சிடி பிளேயரில் ஒரு மாற்றம்தான் நடக்கும், டிஜிட்டலிலிருந்து அனலாக். இங்கே ஒரு அனலாக் இன்புட், ஒரு ஏடி (அனலாக்கிலிருந்து டிஜிட்டல்), ஒரு டிஏ (டிஜிட்டலிலிருந்து அனலாக்), ஒரு அனலாக் அவுட்புட் என்று நான்கு படிகள் கூடுதல். அவற்றில் எது கெடுத்தாலும் பழி சிடி வாசல் மேல்தான் விழும். அப்படிக் கனம் ஏற்றியும் கேட்கவில்லை என்றால் முடிவுக்கு வலு கூடும்.

மாற்றித் தந்தது ஏபிஎக்ஸ் சிஎஸ்-5 என்ற பெட்டி. ஏபிஎக்ஸ் முறை புதிதல்ல. பெல் ஆய்வகத்தின் மன்சனும் கார்ட்னரும் 1950லேயே இப்படி ஒரு முறையை எழுதியிருக்கிறார்கள். அதை ஹை-ஃபை வீட்டுக்கு ஏற்ற கருவியாக்கி, 1982ல் ஆய்விதழில் விவரித்தவர் டேவிட் கிளார்க். ஏ என்றால் ஒன்று, பி என்றால் இன்னொன்று. இரண்டும் கேட்பவருக்குத் தெரியும். எக்ஸ் என்பது அந்த இரண்டில் ஒன்று. எது என்று பெட்டி தன் போக்கில் முடிவு செய்கிறது. அறையில் இருக்கும் எவருக்கும் அது தெரியாது. கேட்பவர் மூன்றையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, எக்ஸ் என்பது ஏ-யா பி-யா என்று சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சோதனை நடத்துபவருக்கே விடை தெரியாததால் அவருடைய முகமும் குரலும் காட்டிக்கொடுக்க வழியில்லை. இரட்டை மறைப்பு என்பது இதைத்தான்.

சுமார் 60 பேர் கேட்டார்கள். தொழில்முறை ஒலிப்பதிவு இன்ஜினியர்கள், பல்கலைக்கழக ஒலிப்பதிவுத் துறை மாணவர்கள், ஆண்டுக்கணக்காக சிஸ்டத்துக்குப் பணம் கொட்டிய ஆடியோஃபைல்கள். சாதனங்களும் ஒரே வகை அல்ல. விலையுயர்ந்த ஸ்டுடியோ மானிட்டர்கள் இருந்தன. எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரும் விலைகூடிய கேபிள்களும் கொண்ட ஒரு ஹை-எண்ட் சிஸ்டமும் இருந்தது. "உங்கள் சிஸ்டம் சரியில்லை, அதனால் கேட்கவில்லை" என்ற வழக்கமான பதிலுக்கு முன்கூட்டியே கதவடைத்துவிட்டார்கள்.

எண்கள்

மொத்தம் 554 விடைகள். சரியானவை 276. அதாவது 49.8 சதவீதம். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் இதே எண்தான் வந்திருக்கும்.

தனி ஆளாகப் பார்த்தால் அதிகபட்சம் 10க்கு 8, அதுவும் ஒரே ஒரு முறை. 10க்கு 7 இரண்டு முறை. மற்றவை எல்லாம் 70 சதவீதத்துக்குக் கீழே. 10க்கு 8 என்றதும் "அவருக்காவது கேட்டிருக்கிறதே" என்று தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 10க்கு 8 அல்லது அதற்கு மேல் வர 5.5 சதவீத வாய்ப்பு உண்டு. பத்துப் பத்தாக 55 சுற்று நடந்ததாக வைத்துக்கொண்டால், அப்படிப்பட்ட மூன்று பேர் வெறும் தற்செயலிலேயே வந்திருக்க வேண்டும். வந்தவர் ஒருவர்தான்.

குழுவாகப் பிரித்த எண்களும் உண்டு. ஆடியோஃபைல்களும் தொழில்முறைக்காரர்களும் சேர்ந்து 467க்கு 246, 52.7 சதவீதம். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கும் திறன் உள்ளவர்கள் 256க்கு 116, 45.3 சதவீதம். பெண்கள் 48க்கு 18, 37.5 சதவீதம். இளம் காதுக்குக் கேட்கும், தேர்ந்த காதுக்குக் கேட்கும் என்ற வாதங்களை இவை தாங்கவில்லை. 467க்கு 246 என்பது தற்செயலின் எல்லைக்குள் வசதியாக உட்காருகிறது.

ஆனால் ஒரு கழித்தல் கணக்கு போட்டால் வேறு ஒன்று தெரியும். 554லிருந்து 467 போக மீதி 87. அதில் சரியானவை 30 மட்டும், 34.5 சதவீதம். பூவா தலையாவில் 87க்கு இத்தனை விலகல் வர நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாய்ப்புதான். பாதிக்கு மேலே போனாலும் விலகல்தான், பாதிக்குக் கீழே போனாலும் விலகல்தான். எப்படி வந்திருக்கும்? வித்தியாசம் கேட்டு, பெயரை மட்டும் தலைகீழாக மாற்றிச் சொன்ன ஓரிருவர் இருந்தாலும் இப்படி ஆகும். ஆரம்பத்தில் நான்கைந்து தவறு விழுந்ததும் மனம் தளர்ந்து பாதியில் எழுந்துபோனவர்கள் இருந்தாலும் ஆகும். பல கோணங்களில் பிரித்துப் பார்க்கும்போது ஓரிடத்தில் விளிம்பு தட்டுவதும் இயல்பு. இவற்றைப் பிரித்தறிய ஒவ்வொரு சுற்றின் தாளும் வேண்டும். மொத்த எண் மட்டும் அதைச் சொல்லாது.

கேட்ட இடம் ஒன்று உண்டு

இந்த அறிக்கையை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி இது. இரண்டு பேரை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். வால்யூமை வழக்கமான நிலைக்கு மேல் 14 டெசிபெல் ஏற்றிவிட்டு, இசையே இல்லாமல், வெறும் நிசப்தத்தைக் கேட்கவைத்தார்கள். நேர்க்கிளையில் ஒரு நிசப்தம், சிடி வாசல் வழியாக இன்னொரு நிசப்தம். இருவருக்குமே 10க்கு 10. அவர்களில் ஒருவருக்குத் தனக்குக் கேட்கிறதா என்பதிலேயே சந்தேகம் இருந்தது. ஆனாலும் 10க்கு 10. தற்செயலாக அப்படி வர 1,024ல் ஒரு வாய்ப்பு.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. 16 பிட்டின் இரைச்சல் கற்பனை அல்ல, போதிய அளவு ஏற்றினால் காதில் விழும். அதைவிட முக்கியமானது, பெட்டியும் முறையும் நுண்ணிய வித்தியாசத்தைப் பிடிக்கக் கூடியவை. ஏபிஎக்ஸ் பதற்றத்தில் எதுவுமே கேட்காமல் போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு இதே அறிக்கைக்குள் பதில் இருக்கிறது. அந்த 14 டெசிபெல் ஏற்றத்தில் இசையைப் போட்டிருந்தால் உச்சப் பகுதிகளில் யாரும் அறையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஓட்டை எங்கே

முதல் ஓட்டை தட்டுகளில். எஸ்ஏசிடி என்று அட்டையில் போட்டிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஹை-ரெஸ் ஆகிவிடாது. அந்தக் காலத்தில் வந்த தட்டுகளில் பல பழைய அனலாக் டேப்பிலிருந்தும், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் மாஸ்டரிலிருந்தும் மாற்றப்பட்டவை. அப்படிப்பட்ட பதிவில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இசையே இருக்காது. சிடி வாசல் வெட்டி எறிய அங்கே எதுவும் இல்லை. எந்தெந்தத் தட்டு எந்த மூலத்திலிருந்து வந்தது என்று பிரித்து வைத்து நடத்தியிருந்தால் இந்த விமர்சனமே எழுந்திருக்காது. இந்தச் சோதனை பொதுவாக நிரூபிப்பது ஒன்று: கடையில் விற்ற ஹை-ரெஸ் தட்டுகளை அப்படியே வாங்கிக் கேட்டவருக்கு, சிடி வாசல் எதையும் திருடவில்லை. வாங்குகிறவருக்கு அது முக்கியமான சேதிதான். ஃபார்மட்டின் உச்ச வரம்பைப் பற்றிய சேதி அல்ல.

இரண்டாவது, எண்ணிக்கையின் வலு. ஒருவருக்கு உண்மையிலேயே மெலிதாகக் கேட்கிறது, பத்தில் ஆறு முறை சரியாகச் சொல்லக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். பத்து விடைகளில் ஒன்பது சரியாக இருந்தால்தான் தேர்ச்சி என்றால் அவர் தேறுவது நூற்றில் ஐந்து முறைகூட இல்லை. பத்தில் ஏழு சரியாகச் சொல்லக்கூடியவர்கூட நூற்றில் 15 முறைதான் தேறுவார். ஆக, ஒரு தனிமனிதர் பத்து விடையில் தோற்றார் என்பதால் அவருக்குக் கேட்கவில்லை என்று எழுதுவது அவசரம். 554ஐ மொத்தமாக எடுத்தால் வலு கூடுகிறது, ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 49.8க்கு இரண்டு பக்கமும் சுமார் 4.2 சதவீதம் நிச்சயமின்மை. உண்மையான எண் 45.6க்கும் 54க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

இந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பது 2016ல் தெரிந்தது. லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், அதுவரை வந்த 18 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தார். 400க்கும் மேற்பட்டவர்கள், 12,500க்கும் மேற்பட்ட விடைகள். மொத்தத்தில் 52.3 சதவீதம் சரி. இத்தனை விடைகள் சேர்ந்திருப்பதால் இது தற்செயல் இல்லை என்று புள்ளியியல் சொல்கிறது. நன்கு பயிற்சி தரப்பட்டவர்களிடம் அது 60 சதவீதத்தை ஒட்டிப் போனது. இந்த 52.3 மேயர்–மோரன் முடிவின் நிச்சயமின்மைக்குள்ளேயே அடங்குகிறது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கியது என்று எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அதே சமயம் 52.3ஐக் கையில் வைத்துக்கொண்டு "இரவும் பகலும் போல வித்தியாசம்" என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கும் இடமில்லை. இரவையும் பகலையும் பிரிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு நூறு வாங்குவார்.

மூன்றாவது ஓட்டை பயிற்சி. எதைத் தேடிக் கேட்பது என்று தெரியாத காது எவ்வளவு பெரிய குறையையும் தவறவிடும். இதற்குச் சுவீடன் வானொலியில் நடந்தது நல்ல உதாரணம். டிஜிட்டல் ஒலிபரப்புக்கு கோடெக் (ஒலித் தரவைச் சுருக்கி விரிக்கும் முறை) தேர்ந்தெடுக்க 60 கேட்பவர்களை வைத்து இரண்டு ஆண்டுகளில் 20,000க்கும் மேற்பட்ட மதிப்பீடுகள் செய்து, ஒலிபரப்புக்குத் தகும் என்ற முடிவுக்கு வந்தார்கள். பிறகு அந்த கோடெக் வழியாகப் போன பதிவு ஒன்றை 1991ல் கேட்ட ஒலி இன்ஜினியர் பார்ட் லோகாந்தி, 1.5 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒட்டாத ஒரு ரீங்காரம் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் கேட்டது. மறைப்புச் சோதனை பொய் என்று இதை வைத்துச் சிலர் வாதாடுவதுண்டு. அந்த வாதம் நிற்காது. லோகாந்தி கேட்ட குறை, கண்ணை மறைத்தாலும் கேட்கும் குறை. காதுகளுக்கு முன்கூட்டியே அதைக் காட்டித் தராததுதான் பிழை.

அப்படியானால் எஸ்ஏசிடி ஏன் நன்றாக இருந்தது

இது மேயரும் மோரனும் மறைக்காமல் எழுதிய விஷயம். சோதனைக்கு எடுத்த ஹை-ரெஸ் தட்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே சாதாரண சிடிகளைவிட நன்றாக ஒலித்தன என்றே சொல்கிறார்கள். அதே தட்டு சிடி வாசல் வழியாக வந்தபோதும் அந்த நயம் குறையவில்லை, அவ்வளவுதான். காரணம் மாஸ்டரிங். எஸ்ஏசிடி வாங்குகிறவர் நல்ல சிஸ்டத்தில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவர் என்று தெரிந்ததால், காருக்கும் சின்ன ரேடியோவுக்கும் ஏற்ப சத்தத்தைப் பிழிந்து ஏற்ற வேண்டிய கட்டாயம் இன்ஜினியருக்கு இல்லை. ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கவிட்டார்கள்.

ஆக, அந்த ஆடியோஃபைல் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே கேட்டது. கேட்டதற்கான காரணத்தை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டார். ஒலித்துறையில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி இந்த வகைதான். 1994ல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஸ்பீக்கர் ஆய்வும் இதன் உறவுதான். ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்தபோது 40 பேர் தந்த மதிப்பெண், திரைக்குப் பின்னே வைத்துக் கேட்டபோது மாறிவிட்டது. பெரிய பெட்டியும் பெயர் பெற்ற பிராண்டும் தங்களுக்குரிய மதிப்பெண்ணைக் கண் வழியாக வாங்கியிருந்தன. கேட்டவர்கள் அத்தனை பேரும் ஸ்பீக்கர் தயாரிக்கும் நிறுவனத்தின் ஊழியர்கள்.

இதே சோதனையைத் திரும்பச் செய்ய

இன்று இதற்குப் பெட்டி வேண்டாம். ஒரு கணினி, ஒரு நல்ல டாக் (டிஜிட்டலை அனலாக்காக்கும் கருவி), வயருள்ள ஹெட்ஃபோன், ஃபூபார்2000 மென்பொருளும் அதன் ஏபிஎக்ஸ் இணைப்பும் போதும். கோப்பைத் தயார் செய்வதில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள்.

முதலில் மூலம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் பதிவை ஆடாசிட்டியில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தில்) பாருங்கள். 22 கிலோஹெர்ட்ஸில் சுவர் எழுப்பியது போல நின்றால் அது ஊதிப் பெரிதாக்கிய சிடி. வேறு பதிவு எடுங்கள். எஸ்ஏசிடியிலிருந்து வந்ததென்றால் 25 கிலோஹெர்ட்ஸை ஒட்டி மேலே ஏறும் ஒரு மூட்டம் தெரியும். அது அந்த ஃபார்மட்டே தள்ளிவிட்ட இரைச்சல், இசை அல்ல. இசையோடு சேர்ந்து எழுந்து அடங்கும் கீற்றுகள் வேண்டும். ஜால்ரா, சிம்பல், மியூட் போட்ட டிரம்பெட் போன்றவற்றில் அவை தாராளமாக இருக்கும்.

அந்தப் பதிவை முதலில் 3 டெசிபெல் குறைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். மாதிரி வீதம் மாற்றும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறும். இடம் விடாவிட்டால் அங்கே வெட்டுப்படும், அந்த வெட்டு காதில் விழும், பழி சிடி மேல் போகும். இந்தக் கோப்புதான் ஏ. இதை சாக்ஸ் போன்ற நல்ல மாற்றியில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டுக்கு டிதருடன் இறக்குங்கள். பிறகு அதையே திரும்ப 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டுக்கு ஏற்றுங்கள். இது பி. ஏற்றுவதால் போனது திரும்ப வராது. ஆனால் இரண்டு கோப்புக்கும் மாதிரி வீதம் ஒன்றாகிவிடும். இதைச் செய்யாமல் 96ஐயும் 44.1ஐயும் நேரடியாக ஒப்பிட்டால், டாக் ஒவ்வொரு முறை கடிகாரத்தை மாற்றும்போதும் ஒரு டிக் சத்தமோ நொடி நேர மௌனமோ வரும். அதைக் கேட்டே 16க்கு 16 வாங்கிவிடலாம். வீட்டில் செய்த ஏபிஎக்ஸில் முழு மதிப்பெண் வாங்கியதாக யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அடுத்து இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பாருங்கள். ஒன்றைத் தலைகீழாக்கி மற்றொன்றோடு கூட்டினால் போதும். மிச்சத்தில் 20 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லிய இரைச்சலைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. பாட்டு அடையாளம் தெரிகிற மாதிரி மிச்சம் வந்தால் அளவோ நேரமோ பிசகியிருக்கிறது. சில மாதிரிகள் தள்ளிப்போனாலும் கழித்தல் கெட்டுவிடும், சரிசெய்து மீண்டும் பாருங்கள்.

விண்டோஸில் பொது மிக்ஸர் வழியாகப் போனால் அது எல்லாவற்றையும் ஒரே வீதத்துக்கு மாற்றிவிடும். அது 44.1 அல்லது 48 என்று வைக்கப்பட்டிருந்தால் ஏயும் பியும் ஒரே ஒலிதான், சோதனை வெற்று வேலை. மிக்ஸரைத் தாண்டி டாக்குக்கு நேராக அனுப்பும் வாசாபியின் எக்ஸ்க்ளூசிவ் முறையை வைத்து, டாக் 96 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் இதைச் செய்வது குளத்து மீனைக் கடலில் தேடுகிற கதை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஆம்ப்ளிஃபையரோ ஹெட்ஃபோனோ மீயொலியை (காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியை) தாங்காமல் திரிந்தால், 30 கிலோஹெர்ட்ஸும் 33 கிலோஹெர்ட்ஸும் சேர்ந்து 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு பேய்ச்சத்தத்தை உண்டாக்கும். அது ஏயில் மட்டும் வரும், சரியாகக் கண்டுபிடிப்பீர்கள், ஹை-ரெஸ் கேட்கிறது என்று நினைப்பீர்கள். கேட்டது கருவியின் கோளாறு. அந்த இரண்டு ஸ்வரங்களையும் சேர்த்து ஒரு சோதனைக் கோப்பு செய்து, மிகக் குறைந்த வால்யூமில் ஆரம்பித்துப் போட்டுப் பாருங்கள். நிசப்தமாக இருக்க வேண்டும். வால்யூமை ஏற்றிவிடாதீர்கள். காதுக்குக் கேட்காத சிக்னல் ட்வீட்டரை எரிக்கும்போதும் காதுக்குக் கேட்காது.

கேட்கும் முறைக்கு வருவோம். எத்தனை விடை என்பதை முன்பே எழுதி வையுங்கள். 16 நல்ல எண். 12 சரியென்றால் தற்செயலுக்கு 3.8 சதவீதம்தான் வாய்ப்பு. இடையில் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். சாதகமாக இருக்கும்போது நிறுத்துவதும் பாதகமாக இருக்கும்போது இன்னும் நான்கு போடுவதும் சேர்ந்தால் முடிவுக்கு மதிப்பில்லை. 5 முதல் 10 நொடி வரையான துண்டைத் தேர்ந்து சுற்றவிட்டுக் கேளுங்கள். நுண்ணிய ஒலி நினைவு சில நொடிகளே தங்கும். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு இரண்டாவதைப் போடும்போது முதலாவதன் நினைவு போய்விட்டிருக்கும். எழுதி வைத்த அபிப்பிராயம் மட்டும்தான் மிஞ்சும்.

பயிற்சிக்கு, அதே துண்டை 12 கிலோஹெர்ட்ஸில் வெட்டி ஒரு கோப்பு, பிறகு 14, 16, 18 என்று வரிசையாகச் செய்துகொள்ளுங்கள். 12ல் பெரும்பாலோர் எளிதாகத் தேறுவார்கள். எந்தப் படியில் தோற்கிறீர்களோ அதுவே உங்கள் காதும் உங்கள் சிஸ்டமும் சேர்ந்த எல்லை. 16லேயே தோற்றவர் 22ஐப் பற்றி வாதாடுவதில் பயனில்லை. எளிய படியில்கூட ஒருவர் தேறவில்லை என்றால் அவருடைய "கேட்கவில்லை" என்ற முடிவையும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கோப்புக்குப் பதில் ஆம்ப்ளிஃபையர் என்றால்

இங்கே சமப்படுத்துவதுதான் முழு வேலையும். 0.2, 0.3 டெசிபெல் வித்தியாசத்தைக் காது சத்தம் கூடியதாக உணராது, தெளிவு கூடியதாக உணரும். 0.1 டெசிபெல் என்பது மின்னழுத்தத்தில் சுமார் 1.2 சதவீதம். 2.83 வோல்ட்டுக்கு வைத்தால் 2.80க்கும் 2.86க்கும் நடுவே இருக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே, ஸ்பீக்கர் முனையிலேயே, இடதும் வலதும் தனித்தனியாக அளக்க வேண்டும். மலிவான மல்டிமீட்டர்கள் மின்வாரிய 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டவை, சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் பொய் சொல்லும். ஆகவே 100 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் ஒரு டோனை வைத்து அளப்பது நல்லது. வால்யூம் குமிழில் இருக்கும் கோட்டை நம்பி இரண்டு ஆம்ப்ளிஃபையரையும் சமம் என்று எழுதிய ஒப்பீடுகளை வாசிக்காமல் விட்டுவிடலாம்.

சமப்படுத்திய பிறகும் கேட்கும் வித்தியாசம் உண்டு, அதற்குக் காரணமும் பெரும்பாலும் அளக்கக் கூடியதுதான். அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டு முனையின் மின்மறுப்பு) 2 ஓம் உள்ள ட்யூப் ஆம்ப்ளிஃபையரை, 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் நடுவே ஏறி இறங்கும் ஸ்பீக்கரோடு இணைத்தால், 4 ஓம் இடத்தில் 3.5 டெசிபெலும் 20 ஓம் இடத்தில் 0.8 டெசிபெலும் இழப்பு. ஆக 2.7 டெசிபெல் மேடு பள்ளம், யாருக்கும் கேட்கும். 0.05 ஓம் உள்ள சாலிட் ஸ்டேட் ஆம்ப்ளிஃபையரில் அதே ஸ்பீக்கருக்கு அது 0.1 டெசிபெல்கூட இல்லை. 1985ல் ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் என்ற ஆடியோஃபைல் இதழின் சவாலை ஏற்று, தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை அவர்கள் தேர்ந்தெடுத்த விலைகூடிய ட்யூப் ஆம்ப்ளிஃபையர் போல ஒலிக்கவைத்துக் காட்டினார். கழித்தல் முறைதான் அவர் கையாண்டதும். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சத்தை ஸ்பீக்கரில் கேட்டபடி, அது மூல ஒலியைவிட சுமார் 70 டெசிபெல் கீழே போகும் வரை சர்க்யூட்டைத் திருத்திக்கொண்டே இருந்தார். அதன் பிறகு அந்த இதழின் காதுகளால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை.